எதிரணியை அலசும்போது எங்கே சறுக்குகிறது?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், அடுத்து மோதப்போகும் அணியின் ஆட்டத்தை வெளியூர் போய் நேரில் பார்க்கப் பயிற்சியாளர்களுக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. வீடியோவும் புள்ளிவிவரமும்தான் கதி. இரண்டும் கொட்டிக் கிடக்கின்றன. சறுக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

பலரும் முதலில் பார்ப்பது ஆட்டத்துக்கு எத்தனை பாயிண்ட் என்பதை. ஒரு அணி சராசரியாக 80 எடுக்கிறது, இன்னொன்று 68 என்று வைத்துக்கொள்வோம். முதல் அணியைக் கண்டுதான் பயம் வரும். ஆனால் அது ஓடி ஓடி ஆடி, பந்து 75 முறை கைக்கு வந்ததில் 80 எடுக்கிறது. மற்றது நிதானமாக ஆடி, 60 முறையிலேயே 68. ஒரு வாய்ப்புக்குக் கணக்குப் போட்டால் 1.07, 1.13. இரண்டாவது அணியின் தாக்குதல்தான் கூர்மையானது. டோனி பென்னட்டின் வர்ஜீனியா அப்படி மெதுவாக ஆடித்தான் 2019-இல் சாம்பியன் ஆனது.

தனி வீரரின் சதவீதமும் இதேபோல ஏமாற்றும். மூன்று பாயிண்ட் ஷாட்டில் 40 சதவீதம் என்று இருக்கும். பார்த்தால் சீசன் முழுக்கப் பத்து ஷாட்டில் நான்கு. ஆட்டத்துக்கு எட்டு ஷாட் அடித்து 34 சதவீதம் வைத்திருப்பவர்தான் தூக்கத்தைக் கெடுப்பவர். எத்தனை அடித்தார் என்பதை விட்டுவிட்டுச் சதவீதத்தை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

வீடியோவில் பந்தின் பின்னாலேயே கண் ஓடுவது இன்னொரு பழக்கம். ஒரே காட்சியை இரண்டாம் முறை ஓடவிட்டு, பந்து இல்லாத நால்வரையும் பாருங்கள். யார் ஸ்க்ரீன் வைக்கிறார் (காப்பவரின் வழியில் அசையாமல் நின்று மறிக்கிறார்), வைத்த பிறகு கூடைக்கு ஓடுகிறாரா, வெளியே நழுவுகிறாரா? உதாரணமாக: பந்து வைத்திருக்கும் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) வலப்பக்கம் போனால் கூடை வரை போகிறார்; இடப்பக்கம் போனால் பந்தை இரண்டு முறை தட்டியதும் நின்று எறிகிறார். இந்த ஒரு வரி நட்சத்திர வீரரைப் பற்றிய அரைப் பக்க வர்ணனையைவிட உதவும்.

எந்த ஆட்டத்தின் வீடியோ என்பதும் முக்கியம். ஸ்க்ரீன் வந்ததும் உயரமான சென்டர் பின்வாங்கி நிற்கும் அணிக்கு எதிராக அந்தக் கார்டு வெளியிலிருந்து எறிந்து தள்ளியிருப்பார். உங்கள் அணி ஸ்க்ரீன் வந்ததும் காக்கும் ஆளை மாற்றிக்கொண்டு தடுப்பது என்றால், அந்த ஆட்டம் உங்களுக்குப் பெரிதாக எதுவும் சொல்லாது. உங்களைப் போலவே தடுக்கும் அணியோடு அவர்கள் மோதியதைத் தேடிப் பிடியுங்கள். ஜோன் ஆடும், அதாவது ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கும் அணிகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

போன வருட வீடியோவை நம்பவே வேண்டாம். 2021-க்குப் பிறகு, கல்லூரி மாறும் வீரர் ஓராண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய பழைய விதி தளர்ந்துவிட்டது. ஒரே கோடையில் பாதி அணி மாறிவிடும். பயிற்சியாளர் அதே ஆள் என்றால் டைம்-அவுட் முடிந்ததும் அவர் ஆட வைக்கும் உத்திகளை அறிய மட்டும் பழையது கொஞ்சம் பயன்படலாம்.

அப்புறம், அறிக்கையின் நீளம். பத்துப் பக்கம் கொடுத்தால் வீரர்கள் படிக்கமாட்டார்கள். ஒருவருக்கு அவர் காக்கப்போகும் ஆளைப் பற்றி மூன்று வரி போதும்.

கடைசி நிமிடங்களை மறந்துவிடுகிறார்கள். ஃபவுலுக்கு ஈடாகக் கிடைக்கும் தடையில்லா எறியான ஃப்ரீ த்ரோவில் அணியின் மொத்தச் சதவீதத்தை எழுதிப் பயனில்லை. ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பாதியில் ஓர் அணி செய்யும் ஏழாவது ஃபவுலிலிருந்து, முதல் எறி விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். பத்தாவதிலிருந்து நேராக இரண்டு. அப்போது களத்தில் இருக்கும் ஐவரில் நீங்கள் பின்தங்கியிருந்தால் யாரை வேண்டுமென்றே ஃபவுல் செய்வது, யார் கைக்குப் பந்து போகவே விடக்கூடாது என்று பெயர் குறித்து எழுதி வையுங்கள்.