மலிவு இயர்போனில் பாஸ் இல்லையா? முதலில் ரப்பரைப் பாருங்கள்

இயர்போனில் பாஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) வராவிட்டால், பெரும்பாலும் காதைச் சரியாக அடைக்காத முனை ரப்பர்தான் காரணம். மாட்டியபடி விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அப்போது பாஸ் கூடினால் ஒரு அளவு பெரிய ரப்பர் போதும். இரு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டியதில்லை. எனக்கு இடதுக்கு மீடியம், வலதுக்கு லார்ஜ்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால், ஒலி வரும் துளையின் வலையில் பெரும்பாலும் காதழுக்கு அடைத்திருக்கும். ரப்பரைக் கழற்றி, வலை கீழே பார்க்கும்படி பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். ஊசி வேண்டாம், வலை கிழியும். போனில் செருகும் ஜாக்கை ஆட்டினால் விட்டுவிட்டுக் கேட்கிறதா? உள்ளே வயர் அறுந்திருக்கும். 300 ரூபாய் சாமானுக்கு சால்டரிங் கூலி கட்டாது.

புதிதாக வாங்கினால் வயரைக் கழற்றி மாட்டும் வகை நல்லது, வயர் முனையில் 0.78 மி.மீ. தடிமனில் இரண்டு பின் என்றால் மாற்று வயர் தனியே கிடைக்கும். அட்டையில் இருக்கும் 'எக்ஸ்ட்ரா பாஸ்' என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஜங்ஷன் பக்கக் கடையில் கேட்டுப் பார்க்க ஒரு வில்லுப்பாட்டுப் பதிவு போதும்: குடம் தட்டும் ஒலி குழம்பாமல், வில்மணி காதைக் குத்தாமல் கேட்கணும். தென்காசி பஸ் இரைச்சலுக்கு ஃபோம் (பஞ்சு போன்ற) முனை சிறந்தது, ஆனால் நம்ம ஊர் வியர்வையில் சீக்கிரம் நைந்துவிடும்.