தலைப்பாகைக்கு வெள்ளை வைப்பது எப்படி? லூயிஸ் படத்தைப் பார்த்து வரையும் முறை

வாட்டர்கலரில் துணி மடிப்பு பழக எனக்குக் கிடைத்த நல்ல வாத்தியார் ஜான் ஃபிரெடரிக் லூயிஸ். 1841 முதல் 1851 வரை கெய்ரோவில் வாழ்ந்த ஆங்கிலேய ஓவியர். அவர் அங்கே பென்சிலும் வண்ணமுமாகப் போட்ட ஆள் படங்களில், தலைப்பாகையும் நீள அங்கியுமாக ஒருவர் மட்டும் இருக்கும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1850இல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த அந்தப்புரக் காட்சி இப்போதைக்கு வேண்டாம். மரச் சல்லடை ஜன்னலின் நிழலிலேயே கை ஓய்ந்துவிடும். (அந்தப்புரம் வெளி ஆண்கள் நுழைய முடியாத இடம், காட்சியில் பெரும்பங்கு கற்பனைதான். துணிகளை மட்டும் நேரில் பார்த்து வரைந்த கை என்று தெரியும்.)

300 ஜிஎஸ்எம் (கனமான) வாட்டர்கலர் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி, மஞ்சள் காவியை நன்றாக நீர்த்து ஒரு பூச்சு கொடுங்கள். வெறும் வெள்ளைத் தாளில் இந்த முறை எடுபடாது. காய்ந்ததும் பென்சில் கோடு, அப்புறம் முகத்துக்கும் அங்கிக்கும் மெல்லிய வண்ணம். அங்கியின் கோடுகள் மடிப்போடு சேர்ந்து வளைய வேண்டும், அவ்வளவுதான்.

இனி தலைப்பாகை. நான் மூன்று தாள் வீணாக்கியது இங்கேதான். முதலில் வெள்ளையை அப்பிவிட்டு, அதன் மேல் சாம்பல் நிழல் போட்டேன். ஈரம் பட்டதும் அடி வெள்ளை கரைந்து மேலே வந்து, கோலமாவு கொட்டியது போல் ஆகிவிட்டது. வரிசையை மாற்றுங்கள்: நிழல் முதலில், தாளின் காவி நிறம் நடுத்தொனியாக (வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட நிறமாக) அப்படியே நிற்கட்டும், வெளிச்சம் விழும் மடிப்பு முனையில் மட்டும் கெட்டியான வெள்ளை. வைத்த பிறகு, காயும்வரை தொடவே கூடாது.

வெள்ளை என்றால் துத்தநாக வெள்ளை. ஈய வெள்ளை காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுக்கும் என்பதால், 1834இல் வின்சர் & நியூட்டன் என்ற வண்ணக் கம்பெனியார் 'சைனீஸ் ஒயிட்' என்ற பெயரில் இதை விற்க ஆரம்பித்தார்கள். டைட்டானியம் வெள்ளை இந்த வேலைக்கு ரொம்பவே முரட்டுத்தனம். வண்ணம் படாமல் தாளை மறைத்து வைக்கும் மாஸ்கிங் திரவமும் எனக்குப் பிடிக்காது. ஓரம் வெட்டினாற்போல் நிற்கும்.

பின்சேர்க்கை: காய்ந்ததும் வெள்ளை மங்கிப்போகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். தண்ணீர் அதிகம். பிரஷைத் துணியில் ஒற்றிவிட்டுத் தொடுங்கள். அப்படியும் மங்கினால், முழுக்கக் காய்ந்த பின் அதே இடத்தில் இன்னொரு புள்ளி.