பென் டிரைவில் சர்வர் பூட் ஆகவில்லையா? பயாஸில் கை வைக்காதீர்கள்

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், டெல் பவர்எட்ஜ் சர்வரில் உபுண்டு லினக்ஸ் போட உட்கார்ந்தார். பென் டிரைவ் பூட் ஆகவில்லை. ஐந்தே நிமிடத்தில் பயாஸுக்குள் (சர்வரின் அடிப்படை செட்டிங்ஸ்) நுழைந்து, யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையை லெகசி என்ற பழைய முறையாக மாற்றப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன். பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு.

பூட் மெனுவுக்கு எஃப்11 அழுத்தினீர்களா, பென் டிரைவ் சரியாகச் செருகியிருக்கிறதா என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுவோம். கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் செய்யக்கூடாத ஒரு தவறு.

பூட் ஆனால் போதும் என்று லெகசிக்கு மாறுவது

அன்று ஒரு வாடிக்கையாளர் இடத்தில் இரவு வேலை. பூட் பென் டிரைவ் எழுதும் மென்பொருளான ரூஃபஸில் நான் அதைத் தயார்செய்தபோது எம்பிஆர், பயாஸ் என்று பழைய முறையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். யூஇஎஃப்ஐ முறையில் இருந்த சர்வருக்கு அது கண்ணில் படவே இல்லை. லெகசிக்கு மாற்றினேன், உடனே இன்ஸ்டாலர் வந்தது. போட்டு முடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். என்ன மாற்றினேன் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து மதர்போர்டு பேட்டரியை மாற்றினார்கள். செட்டிங்ஸ் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பி, சர்வர் மறுபடி யூஇஎஃப்ஐக்குப் போய்விட்டது. லெகசியில் போட்ட லினக்ஸ் அதற்குத் தெரியவில்லை. பூட் டிவைஸ் இல்லை என்றது. டிஸ்க் போய்விட்டது என்று பயந்து, ரெய்டு 5இல் (பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் டேட்டா தப்பும் அமைப்பு) ஒரு டிஸ்கைக் கழற்றி மாட்டினோம். அந்த டிஸ்கின் டேட்டாவை மறுபடி எழுதும் ரீபில்டில் அது போய் உட்கார்ந்தது. மறுநாள் மாலை வரை அந்த அலுவலகத்தில் பில் போட முடியவில்லை. இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் டிஸ்கில் ஒரு கோளாறும் இல்லை.

குறை பென் டிரைவில் இருக்கும்போது சர்வரை ஏன் மாற்ற வேண்டும்? முதலில் அதே பென் டிரைவை யூஇஎஃப்ஐ உள்ள ஒரு லேப்டாப்பில் பூட் செய்து பாருங்கள். அங்கேயும் வரவில்லையென்றால் பென் டிரைவை யூஇஎஃப்ஐக்கு ஏற்றபடி திரும்ப எழுதுங்கள். உள்ளே இஎஃப்ஐ ஃபோல்டர், அதற்குள் பூட் ஃபோல்டர், அதில் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற ஃபைல் இருக்கிறதா என்றும் பாருங்கள். யூஇஎஃப்ஐ தேடுவது அதைத்தான்.

இன்ஸ்டாலர் வந்த பிறகும் ஒரு நிமிடம் நில்லுங்கள். கட்டளை அடிக்கும் ஷெல்லுக்குப் போய் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ (/sys/firmware/efi) என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் இருப்பது லெகசியில். டிஸ்கைத் தொடுவதற்கு முன்பே வெளியே வந்துவிடுங்கள்.

தம்பியின் பென் டிரைவைத் திரும்ப எழுதினோம். எந்த செட்டிங்கையும் மாற்றாமலே பூட் ஆனது.

ப்ராக்ஸ்மாக்ஸை ஐஎஸ்ஓ முறையில் எழுதுவது

ப்ராக்ஸ்மாக்ஸ் என்பது வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் சர்வர் மென்பொருள். அதை எழுதும்போது ரூஃபஸ் கேட்டால், இமேஜை அப்படியே நகலெடுக்கும் டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள்.

செக்யூர் பூட்டை அணைப்பது

கையொப்பமில்லாத பூட்லோடரைத் தடுக்கும் பாதுகாப்பு இது. உபுண்டுவுக்காக இதை அணைக்கத் தேவையே இல்லை. அதன் பூட்லோடர் கையொப்பமிட்டே வருகிறது.

பாதியில் பவரை அணைப்பது

மெமரி அதிகமுள்ள சர்வர் தன்னைச் சோதித்து முடிக்கப் பல நிமிடங்கள் ஆகும். திரை கறுப்பாக இருந்தால் ஹேங் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. காத்திருங்கள்.

டிடி கட்டளையில் பார்ட்டிஷனைக் கொடுப்பது

லினக்ஸில் டிடி கட்டளையால் பென் டிரைவை எழுதும்போது கொடுக்க வேண்டியது எஸ்டிபி1 (sdb1) என்ற பார்ட்டிஷன் அல்ல, எஸ்டிபி (sdb) போன்ற முழு டிரைவின் பெயர். அதுதான் பென் டிரைவா என்று, டிரைவ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளை போட்டு, அளவைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு மட்டும் என்டர் தட்டுங்கள்.