வாணம் அணைந்த பிறகும் ஏறும்: ராடார் எதிர்ப்பு ஏவுகணை பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் உயர்தரப் பௌதிகவியல் வகுப்பு எடுக்கிறேன். எங்கோ ஒரு நாட்டில் சண்டை என்று செய்தி வரும் கிழமைகளில், பாடம் முடிந்ததும் பிள்ளைகள் ஏவுகணை பற்றிக் கேட்கத் தொடங்குவார்கள். அதிலும் ராடாரைத் தேடிப்போய் அடிக்கும் ஏவுகணை என்றால் கேள்வி ஓயாது. கேள்விகள் நல்லவைதான். அவற்றுக்குள் இருக்கும் பிழைகள் மட்டும் வருடா வருடம் மாறாமல் வருகின்றன.

முதல் பிழை பெயரிலேயே இருக்கிறது. சில செய்திகளில் 'கதிரியக்க எதிர்ப்பு ஏவுகணை' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். கதிரியக்கம் யுரேனியம் போன்றவற்றின் குணம். இங்கே பேசப்படுவது கதிர்வீச்சு, அதுவும் ராடார் வீசும் ரேடியோ அலை. அணுவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ராடார் அலையை வீசித்தான் வானத்தைப் பார்க்கிறது. வீசிய அலையே அது நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த அலையைப் பிடித்துக்கொண்டு வருவதுதான் இந்த ஏவுகணை. ராடாரை ஏன் இப்படித் துரத்த வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்க வந்தபோது, அவற்றை முன்கூட்டியே கண்டது இங்கிருந்த ராடார். சீனக்குடாவிலிருந்து ஹரிகேன் விமானங்கள் நேரத்தோடு எழ முடிந்தது அதனால்தான்.

பெரிய பிழை அடுத்தது: ஏவுகணையைத் தள்ளும் மோட்டர் இலக்கு வரை எரிந்துகொண்டே போகிறது என்ற நினைப்பு. இதற்கு நான் கரும்பலகைக்குப் போவதில்லை, கோயில் திருவிழாவுக்குத்தான் போவேன். ஈர்க்கு வாணம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். சீறிக்கொண்டு கிளம்பும், பொறி கொட்டும், பிறகு பொறி நின்றுவிடும். கண்ணை எடுக்காமல் பாருங்கள். பொறி நின்ற பிறகும் அந்த ஈர்க்கு இருட்டில் இன்னும் கொஞ்சம் மேலே போகும், வளையும், பிறகுதான் பக்கத்து வளவுக்குள் விழும். ஏவுகணையும் அப்படித்தான். திண்ம எரிபொருள் விநாடிக் கணக்கில் எரிந்து தீர்ந்துவிடும். மிச்சத் தூரத்தைச் சேர்த்துவைத்த வேகத்திலும் உயரத்திலும் கடக்க வேண்டும்.

'அப்ப எரிபொருளைக் கூட்டிப் போட்டால் சரிதானே, சேர்?' என்று ஒரு தம்பி போன தவணை கேட்டான். எவ்வளவு எரிபொருள் என்பதோடு அது எப்படி எரிகிறது என்பதும் முக்கியம். திண்ம எரிபொருள் மேற்பரப்பில்தான் எரியும். நடுவே விட்டிருக்கும் துளையின் வடிவம் நட்சத்திரம் போல இருந்தால் எரியும் பரப்புக் கூடும். ஒரு முழு விறகுக் கட்டையையும் அதையே பிளந்த சிராய்களையும் அடுப்பில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அமெரிக்காவின் ஹார்ம் என்ற ராடார் எதிர்ப்பு ஏவுகணையில் இரண்டு கட்டமாக எரியும் மோட்டர் இருக்கிறது: முதலில் பலமான உதை, பிறகு வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய தள்ளல். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எரித்தால் வேகம் உச்சத்துக்குப் போகும்; ஆனால் வளித்தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், சம்பாதித்ததைக் காற்றே பிடுங்கிவிடும். புகையும் கணக்கில் உண்டு. அலுமினியத் தூள் சேர்த்த எரிபொருள் வெள்ளைப் புகைக் கோடு போட்டு, ஏவிய இடத்தைக் காட்டிவிடும். ஹார்மில் புகை குறைந்த எரிபொருள் இருப்பது அதற்காக.

பாதை நேர்கோடு என்று எண்ணுவதும் பிழை. தூரத்து இலக்கென்றால் முதலில் மேலே ஏறும். 11 கிலோமீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 30 சதவீதம்தான், ஆகவே அங்கே தடை குறைவு. ஏறிய உயரம் அழுத்தசக்தியாக (நிலையாற்றலாக)ச் சேமிப்பில் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 கிலோமீற்றரிலிருந்து தடையில்லாமல் விழும் பொருள் விநாடிக்கு ஏறத்தாழ 440 மீற்றர் வேகத்தைத் தொடும். தன்னையே குறிவைக்கும் பக்கத்து ராடாரை விமானி அடிக்கும்போது இப்படி ஏறிச் சுற்ற நேரமில்லை. அப்போது பாதை நேராகத்தான் இருக்கும்.

மாக் எண் என்பது ஒலியின் வேகத்தைப்போல எத்தனை மடங்கு வேகம் என்பது. அதை மீற்றர் வேகமாக்க எங்கும் 340 ஆல் பெருக்குவது சின்னப் பிழை, ஆனால் புள்ளி போகும். 11 கிலோமீற்றர் உயரத்துக் குளிரில் ஒலியின் வேகம் விநாடிக்கு 295 மீற்றர் அளவுதான்.

'வீச்சு இத்தனை கிலோமீற்றர்' என்ற ஒற்றை எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். 2020 ஒக்டோபர் 9 அன்று இந்தியா சுகோய்-30 விமானத்திலிருந்து ருத்ரம்-1 என்ற ராடார் எதிர்ப்பு ஏவுகணையை ஏவிச் சோதித்தது. அதுபோன்ற எந்த ஏவுகணையும் உயரத்தில் வேகமாகப் பறக்கும் விமானத்திலிருந்து போகும் தூரத்தை, தாழ்வாக மெதுவாகப் பறப்பதிலிருந்து போகாது. விமானம் கொடுக்கும் உயரமும் வேகமும் இலவச முதல்.

எல்லா மோட்டரும் ஒன்று என்றும் சொல்லக்கூடாது. ரஷ்யாவின் கேஎச்-31பி ஏவுகணை வெளிக்காற்றை உள்ளிழுத்து எரிக்கும் வகை. தொடக்க உதைக்கான திண்ம எரிபொருளை அதன் எரியறைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அது எரிந்து தீர்ந்ததும் அதே வெற்றறைக்குள் காற்று பாய்ந்து, அடுத்த இயந்திரம் தொடங்கும். இடத்தை வீணாக்காத இந்த யோசனையை விளக்கும்போது எனக்கே உற்சாகம் வந்துவிடும்.

கடைசியாக, ராடாரை அணைத்தால் தப்பிவிடலாம் என்பது. வியட்நாம் போர்க்கால அமெரிக்க ஏவுகணையான ஷ்ரைக்குக்கு அது பெரும்பாலும் உண்மை. அலை நின்றால் அதற்கு வழி தெரியாது. பின்னால் வந்தவை கடைசியாக அலை வந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு போகும். ஆனால் ராடார் வண்டி இடம் மாறிவிட்டால் நினைவு உதவாது. 1999 இல் கொசோவோப் போரில் நேட்டோ நூற்றுக்கணக்கான ஹார்ம்களை ஏவியும், செர்பியர்கள் ராடாரை அணைத்து அணைத்துப் பலவற்றைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அணைந்திருந்த நேரத்தில் அந்த ராடார்கள் குருடாக இருந்தன என்பதையும் சேர்த்துத்தான் வெற்றி தோல்வியை எடைபோட வேண்டும்.

பிரித்தானியாவின் அலார்ம் இதற்கு வேறொரு வழி வைத்திருந்தது. 1991 வளைகுடாப் போரில் பயன்பட்ட அந்த ஏவுகணை 12 கிலோமீற்றருக்கு மேல் ஏறி, ராடார் அணைந்திருந்தால் ஒரு பரசூட்டை விரித்து மூக்கைக் கீழே வைத்தபடி மெல்ல இறங்கும். கீழே யாராவது அலையை மறுபடி வீசினால் பரசூட்டை உதறிவிட்டு அதன்மேல் பாயும்.