ஒரு ராணி எறும்பிலிருந்து ஒரு கூட்டம்: வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

கட்டெறும்புக் கூட்டம் ஒன்று உருவாவதை முதல் முட்டையிலிருந்து பார்க்க ஒரு கண்ணாடிக் குழாயும் கொஞ்சம் பஞ்சும் போதும். பொறுமைதான் நிறைய வேண்டும்.

1. ராணியைக் கண்டுபிடியுங்கள்

மழை பெய்து ஓய்ந்த புழுக்கமான மாலைகளில், தெருவிளக்கடியிலும் சுவரோரத்திலும் தேடுங்கள். ஈசலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஈசல் கறையான் இனம். நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு என்று ஒன்று தெரியாது. எறும்புக்கு முன்னிறக்கை நீளம், இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல மடங்கியிருக்கும்.

இறக்கை உதிர்ந்து தரையில் தனியாக ஓடுபவளாகப் பார்த்து எடுங்கள். பருத்த மார்பும் அதன் பக்கவாட்டில் இறக்கை முறிந்த தழும்பும் இருந்தால் அவள் ராணி. பறக்கும்போது ஆணோடு கூடி, பெற்ற விந்தணுக்களை வயிற்றில் ஒரு சிறு பையில் சேமித்து வைத்திருப்பாள். ஆயுள் முழுக்க அதுதான் அவளுடைய கையிருப்பு. ஆண்கள் சில நாட்களில் இறந்துவிடும்.

2. குழாயைத் தயார் செய்யுங்கள்

டெஸ்ட் டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, அது ஒழுகாதபடி பஞ்சை இறுக்கமாக அடையுங்கள். ராணியை உள்ளே விட்டு, வாயை இன்னொரு பஞ்சால் மூடுங்கள். இருட்டான, அதிர்வில்லாத இடத்தில் வையுங்கள்.

3. சும்மா விடுங்கள்

ஆரம்பிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். பாவம், பட்டினி கிடக்கிறாளே என்று சர்க்கரை வைக்காதீர்கள். கட்டெறும்பு ராணிக்கு இப்போது தீனி தேவையில்லை. இனி பறக்கப்போவதில்லை என்பதால் அவளுடைய பறக்கும் தசைகள் கரைந்து, உடலில் உள்ள கொழுப்போடு சேர்ந்து குஞ்சுகளுக்கு உணவாகின்றன. அடிக்கடி எடுத்துப் பார்த்தால் கலவரப்பட்டுத் தன் முட்டைகளையே தின்றுவிடக்கூடும். வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

முதலில் முட்டைகள் ஒரே குவியலாக ஒட்டிக்கிடக்கும். அப்புறம் புழுக்கள். பிறகு அவை பழுப்பு நிறக் கூடு கட்டிக்கொள்ளும். நம் ஊரில் பலரும் எறும்பு முட்டை என்று காட்டுவது உண்மையில் இந்தக் கூட்டைத்தான். முதல் வேலைக்காரிகள் வெளிவர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம்.

4. இப்போது தீனி

முதல் வேலைக்காரிகள் வழக்கத்தைவிடச் சிறியவை. ராணியிடம் இருந்த சேமிப்புக்கு அவ்வளவுதான் கட்டுப்படி. ஒரு சொட்டுத் தேன்தண்ணீரும், நசுக்கிய கொசு ஒன்றும் வையுங்கள். மருந்து அடித்துச் செத்த பூச்சி கூடாது.

இனி லென்ஸ் வைத்துப் பாருங்கள். குடித்துவிட்டு வந்தவள் இன்னொருத்தியின் வாயோடு வாய் வைத்து நிற்பாள். இருவரின் உணர்கொம்புகளும் படபடவென்று தட்டிக்கொள்ளும். தனி இரைப்பையில் கொண்டுவந்ததை ஊட்டுகிறாள். ராணியின் பசியும் புழுக்களின் பசியும் இப்படித்தான் ஆறுகிறது. ராணி யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. பொதுவாக இளையவர்கள் குஞ்சுகளைக் கவனிப்பார்கள், மூத்தவர்கள் இரை தேடப் போவார்கள்.

இப்போது பிறப்பவை எல்லாமே பெண்கள். விந்தணு சேர்ந்த முட்டை பெண்ணாகும், சேராத முட்டை ஆணாகும். ஆண் எறும்புக்குத் தகப்பனே கிடையாது. கூட்டம் நன்றாகப் பெருகிய பிறகுதான் ஆண்களும் இளம் ராணிகளும் வருவார்கள்.

5. தண்ணீர் தீர்ந்தால்

புதுக் குழாயைப் பழையதோடு வாய்க்கு வாய் பொருத்தி டேப் சுற்றுங்கள். புதியதைத் துணியால் மூடி, பழையதை வெளிச்சத்தில் விடுங்கள். முட்டை, புழு, கூடு எல்லாவற்றையும் வாயில் கவ்விக்கொண்டு அவர்களே குடிமாறிவிடுவார்கள்.