வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவ இறங்குமுன்

களனி கங்கை பெருகி, கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் தண்ணீர் வடிந்ததும் பலர் வெறுங்காலோடு சேறு தள்ள இறங்குவார்கள். எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா பக்டீரியா, எலியின் சிறுநீரோடு அந்தச் சேற்றில்தான் கிடக்கும். கால் வெடிப்பு, கீறல், கண், வாய் வழியே உள்ளே போகும். காயத்தை நீர் புகாத பிளாஸ்டரால் மூடி, முழங்கால்வரை றப்பர் சப்பாத்துப் போடுங்கள். அதற்குள் தண்ணீர் புகுந்தால் உடனே கழற்றிக் கொட்டுங்கள். ஊறிய தோலால் கிருமி இலகுவாகப் புகும்.

சேற்றை வழித்த பிறகே பிளீச்: 10 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு. சேற்றின் மேல் ஊற்றினால் வீண்.

எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கக் கொடுக்கும் டொக்சிசைக்ளின் மருந்து தேவையா என்று முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள்.

சேற்றில் இறங்கி 2 முதல் 30 நாட்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண்சிவப்பு வந்தால் பனடோலோடு படுத்துவிடாமல், சேற்றில் நின்றதை வைத்தியரிடம் சொல்லுங்கள். டெங்கு என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். சிறுநீர் குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரி.