ஜெபத்தில் இரவல் குரல் எதற்கு?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஓர் அண்ணன் வருவார். தேநீர் குடிக்கும்வரை இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பார். "ஜெபிப்போம்" என்றதும் தொண்டையே மாறிவிடும். போதகரின் குரல், போதகரின் இழுவை, மூச்சு முட்டுமளவுக்கு அடைமொழிகள். ஒருநாள் அவருடைய மகள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அங்கிள், எனக்கு அந்தத் தமிழ் வராதே. நான் எப்படி ஜெபம் செய்வது?" மலாய் வழி தேசியப் பள்ளியில் படித்த பெண். மனத்துக்குள் பாதி மலாய், பாதி ஆங்கிலம்.

நான் பார்த்தவரையில் அதிகம் பேரைக் கடவுளிடமிருந்து தள்ளிவைப்பது இந்த இரவல் குரல்தான். வேதாகமத் தமிழ் அழகானது. நானும் அதில் வளர்ந்தவன். ஆனால் அது வராதவனுக்கு ஜெபமே இல்லை என்று யார் சொன்னது? வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்கிறார் இயேசு (மத்தேயு 6:7). அடுத்த வசனத்திலேயே, நீங்கள் கேட்பதற்கு முன்பே பிதா அறிந்திருக்கிறார் என்கிறார். எல்லாம் தெரிந்தவருக்கு வரவேற்புரை வாசித்துக்கொண்டிருக்கிறோம்!

கைதாவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்தபோது இயேசு "அப்பா" என்று அழைத்ததை மாற்கு அரமேயச் சொல்லாகவே பதிந்திருக்கிறார். அது மழலைச் சொல் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். வளர்ந்தவர்களும் தகப்பனை அப்படித்தான் அழைத்தார்கள் என்று அறிஞர்கள் பின்னர் திருத்தினார்கள். நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஐம்பது வயதிலும் நாம் அழைப்பது "அப்பா" என்றுதான். உரிமையும் மரியாதையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. (ஒலி ஒற்றுமை தற்செயல். அதை வைத்து மொழி ஆராய்ச்சி தொடங்கிவிடாதீர்கள்.)

விசுவாசம் இருந்தால் முறையிடக்கூடாது என்று நினைப்பது இன்னொரு தவறு. வேலை போயிருக்கும், வீட்டில் பேச்சுவார்த்தை நின்றிருக்கும். ஜெபத்தில் மட்டும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று புன்னகை. 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் கிடைக்காமல் இருளிலேயே முடிகிறது. அதையும் யாரும் வெட்டி எறியவில்லை. கெத்செமனேயில் இயேசுவும் முதலில் கேட்டது இந்தத் துன்பப் பாத்திரம் நீங்கட்டும் என்றுதான். "உம்முடைய சித்தம்" அதற்குப் பிறகு வந்தது. நாம் முதல் பாதியை விழுங்கிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் ஒப்பிக்கிறோம்.

பேரமும் வேண்டாம். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிவு வரும் காலத்தில் இது கூடுகிறது: பிள்ளை தேறினால் ஜூலை 26 திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று. மெழுகுவர்த்தியில் குற்றமில்லை. பொருத்தனை செய்வது, அதாவது நேர்ந்துகொள்வது, பிள்ளைக்காக ஏங்கிய பழைய ஏற்பாட்டு அன்னாள் காலத்திலிருந்தே உண்டு. ஆனால் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அவள் பொருத்தனையோடு தன் மனக்கிலேசம் முழுவதையும் கொட்டினாள். உதடு அசைந்ததே தவிர சத்தம் வரவில்லை. குடித்து வெறித்திருக்கிறாள் என்று ஆசாரியனே தவறாக நினைத்துவிட்டான். நம்முடைய பேரத்தில் பெரும்பாலும் விலை மட்டும்தான் இருக்கிறது.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது: நோயாளியின் கட்டிலருகே நின்று "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்கிறவர்கள். அப்போஸ்தலன் பவுல், முள் என்று தான் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்றுதரம் கேட்டார், நீங்கவில்லை. அவருக்கும் விசுவாசம் போதவில்லையா? "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனின் பிள்ளையை இயேசு குணமாக்கினாரே, அவன் விசுவாசத்தை எந்தத் தராசில் நிறுத்தார்?

அடுத்த வீட்டு மருமகளின் கதையை "ஜெப விண்ணப்பம்" என்ற பெயரில் சொல்வதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. செய்கிறவர்களுக்கே தெரியும்.

நல்ல மனநிலையும் அமைதியான ஒரு மணி நேரமும் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் ஜெபம் நடக்காது. இயேசு சொன்ன உவமையில், ஆலயத்தில் தூரத்தில் நின்ற ஆயக்காரன் சொன்னது ஒரே வரி: "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்."

அண்ணனின் மகள் இப்போது தினமும் பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போகிறாள். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், காலை நெரிசலில் அதைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம். வண்டி நின்றுவிடும்போதெல்லாம் "துஹான், தோலோங்" (ஆண்டவரே, உதவும்) என்று மலாயில் தொடங்கி, அன்றைக்கு அலுவலகத்தில் யாரைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்பதுவரை சொல்லிவிடுவாளாம். அண்ணனிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.